மியாஜிமா கோயிலுக்கு அரை நாள் போதுமா? அப்பாவின் கேள்வி ஒன்றும் இருக்கிறது

கதிர்_ஒசாகா:

எல்லோருக்கும் வணக்கம். ஒசாகாவில் வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏப்ரல் நடுவில் அப்பா வருகிறார், மூன்று வாரம் இருப்பார். அதில் ஒரு நாளை ஹிரோஷிமாவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். காலையில் அமைதிப் பூங்கா, சாப்பாட்டுக்குப் பிறகு மியாஜிமா தீவில் இருக்கும் இட்சுகுஷிமா கோயில், இரவு ஷின்கான்சென் அதிவேக ரயில் பிடித்து வீடு. இதுதான் திட்டம்.

அப்பா நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். நிலை, கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் அவர் கைவேலை. கடலுக்குள் நிற்கும் அந்தச் செந்தூர நிற வாசலின் படத்தை அவருக்கு அனுப்பினேன். அழகாக இருக்கிறது என்பார் என்று எதிர்பார்த்தேன். போன் செய்து கேட்டார்: "கால எதுல ஊன்றியிருக்கான்? உப்புத் தண்ணில மரம் எத்தன நாளைக்குத் தாங்கும்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேரில் போய் நின்றாலும் தெரியாது என்றுதான் தோன்றுகிறது.

அதனால் போனவர்கள் சொல்லுங்கள். அரை நாள் போதுமா? அப்பாவின் கேள்விக்கு என்ன பதில்? தீவில் அவ்வளவு நிலம் இருக்கும்போது கோயிலை ஏன் கடலில் கட்டினார்கள்?

பயணி_மணி:

போன வருடம் போனோம். அரை நாள் தாராளம். ஹிரோஷிமா ஸ்டேஷனிலிருந்து மியாஜிமாகுச்சிக்கு ரயிலில் அரை மணி நேரம், அங்கிருந்து படகில் பத்து நிமிடம். படகுக் கட்டணத்தோடு தீவுக்கு வருகிறவர்களிடம் 100 யென் வரி வாங்குவார்கள். கோயில் வாசல், கடைத்தெரு, மான்கள், படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் மூன்று மணி நேரம். மான்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பிடுங்கித் தின்னும், டிக்கெட் பத்திரம். மரவேலை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அலைவாய்:

கதிர், உங்கள் அப்பா கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் ஹிரோஷிமாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தத் தீவுக்குக் கூட்டிப் போவேன். யாரும் வராத மாதங்களில் தனியாகவும் போவேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அப்பாவுக்கு. அந்த வாசல் காலை எதிலும் ஊன்றவில்லை. சும்மா நிற்கிறது. கடலடி மண் இளகலானது. அதில் பைன் மரக் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அந்த அடித்தளத்தின் மேல் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணுக்குள் தூண் புதைந்திருக்கவில்லை. நடுவில் பெரிய தூண் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தாங்கலாகச் சிறிய தூண் இரண்டிரண்டு, ஆக ஆறு கால். மொத்த எடை சுமார் 60 டன். அந்த எடைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

எடை போதாது என்று இன்னொன்றும் செய்திருக்கிறார்கள். மேலே குறுக்காகப் போகிற பெரிய உத்திரத்தைப் பார்த்தால் ஒரே கட்டை மாதிரி இருக்கும். அது உள்ளே கூடு, பெட்டி மாதிரி. அதற்குள் கைப்பிடி அளவுக் கற்களை, சுமார் 7 டன், கொட்டி வைத்திருக்கிறார்கள். தலையில் பாரம் ஏற்றினால் கால் அசையாது என்பது அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறுக்குக் கட்டைகள் தூணைத் துளைத்துப் போகும் இடத்தில் ஆப்பு அடித்திருப்பதையும் அவர் கீழிருந்தே பார்த்துவிடுவார்.

மரம் என்ன என்று அடுத்து கேட்பார். பெரிய தூண் இரண்டும் கற்பூர மரம். ஆமாம், கற்பூரம் எடுக்கும் அதே மரம். எண்ணெய் உள்ள மரம், பூச்சி சீக்கிரம் அண்டாது, தண்ணீரில் சட்டென்று உளுக்காது. சிறிய நான்கு தூண்களும் சுகி என்கிற ஊசியிலை மரம். இப்போது நிற்பது 1875-இல் எழுப்பியது. 12-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைப் பெரிதாகக் கட்டிய கியோமோரியின் காலத்திலிருந்து எண்ணினால் எட்டாவது அல்லது ஒன்பதாவது வாசல் என்பார்கள். இவ்வளவு பருத்த கற்பூர மரம் பக்கத்தில் கிடைக்காமல் ஒரு தூணை கியூஷூ தீவின் மியசாகியிலிருந்தும், இன்னொன்றை ஷிகோக்கு தீவின் ககாவாவிலிருந்தும் கொண்டுவந்தார்கள். அடியில் சுற்றளவு கிட்டத்தட்ட 10 மீட்டர். ஆறு பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். இழைத்து உருளையாக்கிய தூண் இல்லை, மரத்தின் புடைப்பும் வளைவும் அப்படியே இருக்கும். படத்தில் இது தெரியவே தெரியாது. கிட்டே போனால்தான் இது ஒரு காலத்தில் எங்கோ வேர்விட்டு நின்ற மரம் என்பது உறைக்கும்.

உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும் என்றால், தானாகத் தாங்காது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடிப்பகுதி கெட்டால் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வற்றிய நேரத்தில் தூணின் அடியைத் தேடிப் பார்த்தால் ஒட்டு தெரியும். அதற்குக் கீழே சிப்பி ஒட்டிக் கரடுதட்டிப் போயிருக்கும். நான் முதல் தடவை கைவைத்துப் பார்த்தபோது ஈரமாகக் குளிர்ந்திருந்தது. ஒரு முழம் மேலே கையை நகர்த்தினால் வெயில் பட்டு இளஞ்சூடு.

சரி, ஏன் கடலில்? அந்தத் தீவே தெய்வம் என்பது பழைய நம்பிக்கை. அதன் மண்ணை வெட்டி, மரத்தைச் சாய்த்து, அங்கே கோயில் கட்டுவது தெய்வத்தின் உடம்பைக் கீறுவதாகும் என்று கடல் ஏறி இறங்கும் கரையில் கட்டினார்கள். 593-இல் முதல் கோயில் அமைந்ததாகத் தலவரலாறு. இன்று நாம் பார்க்கும் பெரிய அமைப்பைக் கொடுத்தவர் தைரா நோ கியோமோரி. 1146-இல் இந்தப் பகுதிக்கு, அன்றைய அகி நாட்டுக்கு, ஆளுநராக வந்தவர். பிற்பாடு ஜப்பானையே ஆட்டிவைத்தவர். சீனாவோடு நடந்த கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர். அவருக்குக் கடல்வழியைக் காக்கும் தெய்வம் வேண்டியிருந்தது. 1168-இல் தலைநகரத்துப் பிரபுக்களின் மாளிகை எப்படி இருக்குமோ அப்படி இங்கே கோயிலைக் கட்டினார்கள். மாளிகைக்கு முன்னால் குளம் இருக்கும் இல்லையா, இங்கே குளத்துக்குப் பதில் கடல்.

அவர் குலம் 1185-இல் இதே உள்நாட்டுக் கடலின் மேற்கு முனையில், தன்-நோ-உரா என்ற இடத்தில், படகுகளோடு மூழ்கி அழிந்தது. கோயில் நின்றது. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டு தடவை தீயில் போனது, இரண்டு தடவையும் எழுப்பினார்கள். இப்போதுள்ள கருவறை மண்டபம் 1571-இல், இந்தப் பகுதியை ஆண்ட போர்த்தலைவர் மோரி மோட்டோநாரி காலத்து வேலை. அவர் 1555-இல் இதே தீவில் ஒரு பெரிய சண்டையில் ஜெயித்தவர். புனித மண்ணில் ரத்தம் சிந்திவிட்டதே என்று, ரத்தம் பட்ட மண்ணை அள்ளி அகற்றவும் கோயிலைக் கழுவவும் செய்தார் என்பார்கள்.

இனி நேரம். அரை நாள் போதும் என்று மணி சொல்வதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அரை நாளில் கோயிலைப் பார்த்துவிடலாம், கடலைப் பார்க்க முடியாது. இங்கே நீர்மட்டம் ஒரே நாளில் 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். 250 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் கோயில் மிதக்கிற மாதிரி இருக்கும். 100-க்குக் கீழே வற்றினால் வாசல் வரைக்கும் நடந்து போகலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்தையும் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. தீவின் சுற்றுலாச் சங்கம் ஒவ்வொரு நாளுக்கும் நீர்மட்ட அட்டவணை போடுகிறது, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் காலை பத்து மணி வாக்கில் நீர் ஏறி நிற்கும், மாலை நான்கு வாக்கில் வற்றிக் கிடக்கும். பகலுக்குள் இரண்டும் கிடைத்துவிடும். அமைதிப் பூங்காவை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். அதையும் அவசரமாகப் பார்க்கக் கூடாது.

ஏற்றத்தின்போது அப்பாவை நடைபாதையில் நிற்க வைத்துத் தரைப் பலகைகளைக் காட்டுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே வேண்டுமென்றே இடுக்கு விட்டிருப்பார்கள். சுண்டுவிரல் நுழையாது, தண்ணீர் நுழையும். புயலில் கடல் கீழிருந்து முட்டும்போது அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் மேலே பீறிட்டுவிடும், தரை பெயராது. நான் ஒரு செப்டம்பரில் போனபோது நீர் பலகை மட்டத்துக்கு ஏறி வந்தது. காலடியில் களக் களக் என்று சத்தம், இடுக்குகளில் வரிசையாகக் குமிழி. கொஞ்ச நேரத்தில் பலகை மேலேயே தண்ணீர் படர்ந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து நீர் இறங்கியதும் ஊழியர்கள் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவினார்கள். யார் முகத்திலும் பதற்றம் இல்லை. வீட்டு முற்றம் கழுவுகிற மாதிரி செய்தார்கள். அந்தக் காட்சிதான் எனக்கு இந்தக் கோயிலைப் புரியவைத்தது.

கதிர்_ஒசாகா:

அக்கா, இதை அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கல் நிரப்பிய உத்திரம் வந்ததும் "இரு இரு, திரும்பப் படி" என்றார். மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு கேள்வி. அங்கே இருப்பது எந்தத் தெய்வம்? நம் சரஸ்வதி என்று எங்கோ பார்த்தேன், உண்மையா? அப்புறம், இவ்வளவு செய்தும் புயலில் சேதமே ஆகாதா?

ஷோபனா_யோகோஹாமா:

புயல் கேள்விக்கு நான் சொல்கிறேன். சேதம் ஆகும், நன்றாகவே ஆகும். 1991-இல் வந்த புயலில், நோ என்கிற பழைய முகமூடி நாடகத்துக்காகக் கடல்மேல் கட்டிய மேடை விழுந்துவிட்டது. 1680-இல் கட்டியது அது. 1994-இல் திரும்ப எழுப்பினார்கள். 2004 செப்டம்பரில் வந்த புயலில் இசைக் கலைஞர்கள் உட்காரும் இடப்பக்க மண்டபம் சரிந்தது, கூரை மரப்பட்டைகள் பறந்தன.

நான் 2021-இல் போனேன். டோரி என்கிற அந்தக் கடல் வாசலைப் பார்க்கவே முடியவில்லை. 2019 ஜூனில் ஆரம்பித்த பழுதுபார்ப்பு, 2022 டிசம்பர் வரைக்கும் நடந்தது. கடலுக்குள் சாரம் கட்டி, முழுவதும் துணி போர்த்தியிருந்தார்கள். அவ்வளவு தூரம் போய் இப்படியா என்று முதலில் மனசு கஷ்டப்பட்டது. பிறகு வற்றிய நேரத்தில் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூணுக்குள் கரையான் அரித்திருந்ததைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள் என்று பின்னால் படித்தேன். உங்கள் அப்பா அந்தச் சமயத்தில் வந்திருந்தால் அங்கிருந்து நகர்ந்திருக்கமாட்டார்.

அலைவாய்:

ஷோபனா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விழுந்த இரண்டும் வெளி ஓரத்தில், கடலுக்கு மிக அருகில் உள்ளவை. கருவறை உள்ளே தள்ளி, சற்று உயரமாக இருக்கிறது. அலையின் கோபத்தை முதலில் வாங்குவது முன்னால் உள்ள மேடைகளும் நடைபாதைகளும். அவற்றை மாற்றிவிடலாம். இழக்கக்கூடியது எது, இழக்கக்கூடாதது எது என்று வரிசை போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றே நான் பார்க்கிறேன்.

கடலிலிருந்து மட்டும் ஆபத்து வரவில்லை. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதமே, செப்டம்பர் 17 அன்று, பெரும் புயல் ஒன்று இந்தப் பகுதியைத் தாக்கியது. தீவின் மலையில் மண்சரிவு ஏற்பட்டு, கோயிலுக்குப் பின்னால் ஓடும் மொமிஜிதானி ஓடை வழியாகப் பாறையும் மண்ணும் இறங்கிக் கோயிலுக்குள் வந்து குவிந்தது. ஊரே சாம்பலாகக் கிடந்த காலம் அது, சாப்பிடவே இல்லாத காலம். அப்படியிருந்தும் 1948 முதல் 1950 வரை அந்த ஓடையைச் சீராக்கினார்கள். பெரிய பாறைகளை உடைக்கக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது, சிமென்ட் கண்ணில் படக் கூடாது, தோட்டக் கலைஞர்களை வைத்தே கல்லை அடுக்க வேண்டும் என்று விதி வைத்துச் செய்தார்கள். இன்று அந்த ஓடையோரம் நடந்தால் அது வெள்ளத் தடுப்பு வேலை என்றே தெரியாது. இலையுதிர் காலத்தில் எல்லோரும் அங்கே நின்று மேப்பிள் மரங்களைப் படம் எடுப்பார்கள். நீங்கள் போகும்போது இலை பச்சையாக இருக்கும், ஆனாலும் போங்கள். பசியோடு இருந்த மனிதர்கள் அவ்வளவு பொறுமையாகக் கல் அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சரஸ்வதி பற்றி. கோயிலில் இருப்பவர்கள் முனகத்தா தேவியர் என்கிற மூன்று சகோதரிகள், கடல்வழித் தெய்வங்கள். அவர்களில் ஒருவர் பெயர் இச்சிகிஷிமாஹிமே. இந்தியாவிலிருந்து பௌத்த நூல்களோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்த சரஸ்வதிக்கு இங்கே பென்சைட்டென் என்று பெயர். தண்ணீர், இசை, பேச்சு, கலை எல்லாம் அவளுடையது. நம் சரஸ்வதியும் முதலில் ஆறுதானே. நீர்த் தெய்வம் என்பதால் இச்சிகிஷிமாஹிமேவும் பென்சைட்டெனும் ஒருவரே என்று பல நூற்றாண்டு வணங்கினார்கள். 1868-இல் புதிய அரசு, ஜப்பானின் சொந்தத் தெய்வ வழிபாடான ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்கச் சொல்லி ஆணை போட்டது. பென்சைட்டென் சிலை கோயிலை விட்டு வெளியே வந்து, பக்கத்திலேயே இருக்கும் டைகன்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குப் போனது. கோயிலிலிருந்து வெளியே வரும் வழியில் கொஞ்ச தூரம்தான். வருடத்தில் ஒரு நாள், ஜூன் 17 அன்று மட்டும், அந்தச் சிலையைக் காட்டுவார்கள். ஏப்ரலில் உங்களுக்குக் கிடைக்காது, ஆனாலும் அந்த மண்டபத்தின் முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நான் ஒரு ஜூன் 17 விடுப்பு எடுத்துப் போனேன். முன்னால் இருந்த பாட்டி ஒருவர் என்னைப் பார்த்து இந்தியாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் இவள் உங்கள் ஊர்க்காரி, முன்னால் போ" என்று கையைப் பிடித்து நகர்த்திவிட்டார். எங்கள் வீட்டில் கொலுவுக்கு எடுத்து வைக்கும் சரஸ்வதி வெள்ளைப் புடவையில் வீணையோடு இருப்பாள். இங்கே அவள் வேறு உடையில், வேறு முகத்தோடு. எனக்கு அன்னியமாகத் தோன்றவில்லை.

இதிலிருந்து அப்பாவுக்குப் பிடிக்கும் இன்னொரு கதை. தீவின் மண் புனிதம் என்பதால் உழவு கிடையாது. ஜனங்கள் எதை வைத்துப் பிழைப்பது? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே செய்ஷின் என்று ஒரு துறவி இருந்தார். பென்சைட்டென் கனவில் வந்ததாகவும், அவள் கையில் இருந்த பிவா என்ற நரம்பு வாத்தியத்தின் வடிவத்தைப் பார்த்து அவர் மரத்தில் சோற்றுக் கரண்டி செதுக்கியதாகவும் சொல்வார்கள். அதைச் செய்து விற்கும்படி தீவுக்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். ஊருக்குக் கிணறுகளும் வெட்டினார். இன்று ஜப்பானில் மியாஜிமா என்றாலே அந்தக் கரண்டிதான். கடைத்தெருவில் 7.7 மீட்டர் நீளம், 2.5 டன் எடையில் ஒன்று வைத்திருக்கிறார்கள், எல்லோரும் அதன் முன்னால் படம் எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு ஒரு கடைக்குள் போய் வீட்டுக்கு ஒரு சிறிய கரண்டி வாங்குங்கள். நான் வாங்கியது ஒன்பது வருடமாகச் சோறு அள்ளுகிறது. நனைத்துவிட்டு அள்ளினால் ஒரு பருக்கை ஒட்டாது. வாத்தியத்தின் கழுத்தும் வயிறும் அதில் அப்படியே இருக்கும்.

பழைய கட்டுப்பாடுகளையும் தெரிந்துகொண்டு போனால் தெருவில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். அந்தத் தீவில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது. பிரசவ நேரம் நெருங்கினால் பெண்கள் எதிர்க்கரைக்குப் போக வேண்டும், திரும்ப வர நூறு நாள் ஆகும். யாராவது இறந்தால் உடலைப் படகில் எதிர்க்கரைக்குக் கொண்டு போவார்கள். இன்றும் தீவில் இடுகாடு கிடையாது. அந்தப் பெண்கள் அக்கரையில் குழந்தையோடு உட்கார்ந்து இக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். புனிதம் என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்த விலை அது. கோயிலின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாவாய்:

அலைவாய் அக்கா விழாவைப் பற்றிச் சொல்லவில்லையே. நான் ஒரு தடவை கங்கென்சாய் என்ற படகு விழாவைப் பார்த்தேன். பழைய நிலாக் கணக்கில் ஆறாம் மாதம் 17-ஆம் நாள், நம் ஆடி மாதத்தை ஒட்டி வரும். மூன்று படகுகளை அருகருகே சேர்த்துக் கட்டி, மேலே தெய்வத்தை எழுந்தருளச் செய்து, அதிலேயே அரசவை இசை வாசித்துக்கொண்டு மாலையில் கிளம்புவார்கள். எதிர்க்கரையில் உள்ள ஜிகொசென் கோயிலுக்குப் போய், மற்ற இடங்களையும் சுற்றி, நள்ளிரவு வாக்கில் திரும்பும். கடைசியில் நடைபாதைகளுக்கு நடுவே உள்ள குறுகலான சதுரத் தண்ணீருக்குள் நுழைந்து மூன்று சுற்றுச் சுற்றும். மேலே விளக்கு, கீழே தண்ணீரில் அதே விளக்கு. தலைநகரத்துக் குளங்களிலும் ஆறுகளிலும் பிரபுக்கள் படகில் இசை கேட்டதை கியோமோரி இங்கே தெய்வத்துக்காக மாற்றினாராம்.

அந்தத் தெய்வப் படகுக்குச் சொந்த ஓட்டம் கிடையாது. இழுத்துப் போகிறவை அகா, எபா என்ற இரண்டு ஊர்களின் துடுப்புப் படகுகள். 1701-இல் விழாவன்று புயல் வந்து தெய்வப் படகு கவிழப் போனபோது இந்த இரண்டு ஊர்க்காரர்கள்தான் காப்பாற்றினார்கள். அன்றிலிருந்து அந்த உரிமை அவர்களுக்கு. முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அதே ஊர்ப் பிள்ளைகள் துடுப்புப் போடுகிறார்கள்.

இன்னொன்று. அங்கே உயர் மேடையில் ஆடும் புகாகு என்ற முகமூடி நடன மரபில் சில ஆட்டங்கள் 'ரின்யூ' இசை என்ற வகை. இன்றைய வியட்நாம் பகுதியில் இருந்த சம்பா நாட்டுத் துறவி ஒருவரும், 736-இல் ஜப்பானுக்கு வந்த இந்தியத் துறவி போதிசேனரும் கொண்டுவந்தவை என்பது மரபு. போதிசேனர் தென்னிந்தியர் என்று சொல்வதுண்டு. நாராவில் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் அவர்.

கதிர்_ஒசாகா:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். தீவிலேயே ஒரு இரவு தங்குகிறோம், பூங்கா அடுத்த நாள். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு, நடை எப்படி? மிசென் மலைக்கும் போகலாமா?

அலைவாய்:

தங்குவது மிக நல்லது. கடைசிக் கூட்டம் படகேறியதும் தெருவில் மானும் நீங்களும் மட்டும்தான்.

படகுத்துறையிலிருந்து கோயில் வரை சமதளம், அப்பா மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். கோயிலுக்குள்ளும் பலகைத் தளம்தான். காலை 6:30-க்குத் திறக்கும், அப்போதே போய்விடுங்கள். மிசென் உயரம் 535 மீட்டர். ரோப்வே இருக்கிறது, ஆனால் அது உச்சிக்குப் போகாது, இறங்கிய பிறகு ஏற்ற இறக்கமாக அரை மணி நேரம் நடக்க வேண்டும். மேலே ஒரு சிறிய மண்டபத்தில் 806-இல் துறவி கூகாய் ஏற்றியதாகச் சொல்லும் தீ இன்னும் எரிகிறது. அமைதிப் பூங்காவின் தீபத்தை 1964-இல் ஏற்றியபோது இங்கிருந்தும் தீ எடுத்துப் போனார்கள். முழங்கால் வலியோடு வேண்டாம். நீங்கள் பூங்காவில் அந்தத் தீபத்தைக் காட்டி இந்தத் தீயைப் பற்றி அவருக்குச் சொல்லலாம்.

மலைக்குப் பதிலாக செஞ்சோகாகு போங்கள். கொஞ்சம் படி உண்டு, கைப்பிடி பிடித்து ஏறலாம். போரில் இறந்தவர்களுக்காக மந்திரம் ஓத, அன்று ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி 1587-இல் கட்டச் சொன்ன பெரிய மண்டபம். 1598-இல் அவர் இறந்ததும் வேலை நின்றுபோனது. கூரைக்கு உள்பக்கம் மச்சுப் பலகை இல்லாமல் விட்டிருப்பார்கள், உத்திரமும் விட்டமும் கட்டுமான எலும்பு மாதிரி தலைக்கு மேலே திறந்தே கிடக்கும். தச்சு தெரிந்தவர் தரையில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம். நான் கூட்டிப் போனவர்களில் பலர் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடுவார்கள். உங்கள் அப்பா இறங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

தேதி ஒத்து வந்தால் ஏப்ரல் 16 முதல் 18 வரைக்குள் போங்கள். அந்த மூன்று நாளும் கடல்மேல் உள்ள நோ மேடையில் தெய்வத்துக்காக நாடகம் நடக்கும். வழக்கமாக நோ மேடையின் அடியில் ஒலி எழும்ப மண்சாடிகளைப் புதைத்து வைப்பார்கள். இங்கே அடியில் கடல், சாடி வைக்க இடமில்லை. அதனால் தரைப் பலகையையே தோல் மாதிரி அதிரும்படி அமைத்திருக்கிறார்கள். நடிகர் காலை ஓங்கி வைக்கும்போது வரும் சத்தம் நீர் ஏறியிருந்தால் ஒரு மாதிரி, வற்றியிருந்தால் ஒரு மாதிரி. அப்பாவிடம் எது நன்றாக இருந்தது என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

கதிர்_ஒசாகா:

16-ஆம் தேதி இரவுக்கு அறை போட்டாயிற்று. நோ மேடை பற்றிப் படித்துக் காட்டியதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "டேப்பு எடுத்துக்கிட்டு வரட்டுமா? தூணை அளக்க விடுவாங்களா?"

அலைவாய்:

வாசல் தூணைக் கைநீட்டித் தொடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். அப்பா அளந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும், தூணின் வெடிப்புகளில் யாராவது நாணயம் செருகியிருந்தால் அதைப் பார்த்து நீங்களும் செருகாதீர்கள். மரம் கெடுகிறது, வேண்டாம் என்று கோயிலில் கேட்டுக்கொள்கிறார்கள். வற்றிய பிறகும் அங்கே மணல் சேறாகத்தான் இருக்கும், ஈரம் தாங்குகிற செருப்பு கொண்டு வாருங்கள். டேப் 10 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.